வாய்தா தவறிடுச்சா? ஒளிய வேண்டாம், கோர்ட்டுக்குப் போங்க!

(சட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் வழக்கறிஞர் பிரிவு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத தோழர்களுக்காக இங்கே பதிவிடப்படுகிறது.)



இன்னைக்கு மேடை அரசியல் பேசப் போறதில்லை. உங்க வீட்டு விஷயம் பேசப் போறேன்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் ராத்திரி பத்து மணி இருக்கும். ஒரு அக்கா போன் பண்ணாங்க. குரல் நடுங்குது. "தம்பி, என் கூடப் பொறந்தவன் இன்னைக்குக் கோர்ட்டுக்குப் போகலப்பா. வேலைக்குப் போன இடத்துல வாய்தாவை மறந்துட்டான். நாளைக்குப் போலீஸ் வந்துருமா? அவனை விடியறதுக்குள்ள எங்க அத்தை ஊருக்கு அனுப்பிடட்டுமா?"

தம்பி பெயின்ட் அடிக்கிறவர். ஊர்த் திருவிழாவுல நடந்த கைகலப்பு வழக்கு. மூணு வருஷமா ஒழுங்கா வந்துக்கிட்டிருந்தவர். ஒரே ஒரு வாய்தா தவறிடுச்சு.

நான் சொன்னேன்: "அக்கா, அத்தை ஊருக்கு அனுப்பாதீங்க. காலையில பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு அனுப்புங்க. நீங்களும் கூட வாங்க."

தோழர்களே, இந்த உரை முழுக்கவே அந்த ஒரு வரிதான். வாய்தா தவறுவது சின்னத் தவறு. அதைப் பெரிய குற்றமாக மாற்றுவது அதுக்கப்புறம் நாம எடுக்கிற ஓட்டம். ஏன் அப்படிச் சொல்றேன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

*அன்னைக்குக் கோர்ட்டுல என்ன நடக்குது?*

காலையில பத்தரைக்கு நடுவர் இருக்கையில உட்காருவார். வழக்குகளை வரிசையாக் கூப்பிடுவாங்க. உங்க தம்பி பேரை மூணு தடவை கூப்பிடுவாங்க. பதில் இல்லைன்னா அவருடைய வழக்கறிஞர் எழுந்து ஒரு மனு கொடுக்கலாம். "எதிரி இன்ன காரணத்தால் இன்று வர இயலவில்லை, அவர் சார்பில் நான் ஆஜராகிறேன்" என்பதுதான் அந்த மனு. கோர்ட்டு வட்டாரத்துல "317 மனு"ன்னு சொல்லுவாங்க. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல அதுதான் பிரிவு எண். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த, நம்ம வாயில லேசுல நுழையாத பேர் கொண்ட பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் அதே விஷயம் 355ஆவது பிரிவு. எண் மாறியிருக்கு, வேலை அதே வேலைதான்.

நடுவர் மனுவை ஏத்துக்கிட்டா அடுத்த வாய்தா தேதி போடுவார். அவ்வளவுதான், கதை முடிஞ்சது. ஆனா அந்த மனு போட வழக்கறிஞருக்குத் தகவல் தெரியணும்ல? "அண்ணே, பஸ் ரிப்பேர்", "சார், அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு"ன்னு காலையில எட்டு மணிக்கு ஒரு போன் போட்டிருந்தா பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். நம்ம ஆளுங்க என்ன செய்யறாங்க? வக்கீல் ஃபீஸ் பாக்கி இருக்கு, போன் பண்ணா கேட்பார்னு போனே பண்றதில்லை. ஆயிரம் ரூபாய் பாக்கிக்குப் பயந்து பிடிவாரண்டை வாங்கிக்கிறாங்க.

இன்னொண்ணு. பதினொன்றரைக்குப் பேர் கூப்பிட்டாச்சு, நீங்க பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்றீங்கன்னு வைங்க. "இனிமே போய் என்ன பிரயோஜனம்"னு பஸ் ஸ்டாண்டிலிருந்தே திரும்பிடாதீங்க. உள்ளே போங்க. மறுபடி கூப்பிடும்போது நில்லுங்க. கோர்ட் எழுந்திரிக்கிறதுக்குள்ள போனா, அன்னைக்கே சரிசெய்ய வாய்ப்பு இருக்கு.

*வாரண்ட் என்றால் என்ன? அதை யார் ரத்து செய்வது?*

ஆளும் வரல, மனுவும் வரல. இப்போ நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கும். இதுல ரெண்டு வகை. ஒண்ணு, பிணையில் விடத்தக்க வாரண்ட். போலீஸ் வந்தா, "இன்ன தேதியில ஆஜராவேன்"னு நீதிமன்றம் சொன்ன தொகைக்குப் பிணை எழுதிக் கொடுத்துட்டு வீட்டிலேயே இருக்கலாம். இன்னொண்ணு, பிணையில் விட முடியாத வாரண்ட். இதைத்தான் பேப்பர்ல "பிடிவாரண்ட்"னு எழுதறாங்க. இதுல பிடிச்சா நேரா நீதிமன்றத்துக்குத்தான்.

எடுத்த எடுப்பிலேயே பிடிவாரண்ட் கூடாது. முதலில் சம்மன், அப்புறம் பிணையில் விடத்தக்க வாரண்ட், கடைசியாகத்தான் பிடிவாரண்ட் என்று உச்ச நீதிமன்றம் 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் வழிகாட்டியிருக்கு. ஆனா ஏற்கெனவே ஜாமீனில் வெளியே வந்து, "ஒவ்வொரு வாய்தாவுக்கும் வருவேன்"னு கையெழுத்துப் போட்டவர் வரலைன்னா, நடைமுறையில பல கோர்ட்டுகள்ல நேரா பிடிவாரண்ட்தான்.

இப்போ முக்கியமான விஷயம். இதைக் கொட்டை எழுத்துல எழுதி வச்சுக்குங்க. வாரண்டுக்குக் காலாவதித் தேதி கிடையாது. நிறைவேத்தப்படணும், இல்லைன்னா பிறப்பிச்ச நீதிமன்றமே ரத்து செய்யணும். அதுவரைக்கும் அது உயிரோடதான் இருக்கும். பத்து வருஷம் ஆனாலும் இருக்கும். "ஸ்டேஷன்ல ஒருத்தர் இருக்கார், அஞ்சாயிரம் கொடுத்தா வாரண்டைக் கிழிச்சிடுவார்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க. வாரண்டை ரத்து செய்யும் அதிகாரம் எந்தக் காவலருக்கும் இல்லை, எந்த இடைத்தரகருக்கும் இல்லை, எங்களைப் போன்ற கட்சிக்காரர்களுக்கும் இல்லை. அஞ்சாயிரமும் போகும், வாரண்டும் இருக்கும்.

*கையெழுத்துப் போட்ட மாமா என்ன ஆவார்?*

ஜாமீன் எடுக்கும்போது யார் கையெழுத்துப் போட்டாங்க? தாய்மாமா ஒருத்தர், சித்தப்பா ஒருத்தர். ஆதார் கார்டு, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது எல்லாம் கொடுத்து, "இவன் வராட்டி இத்தனை ரூபாய் நான் கட்டறேன்"னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அது வெறும் சாட்சிக் கையெழுத்து இல்லை, கடன் பத்திரம் மாதிரி.

தம்பி வரலைன்னா அந்தப் பிணைப் பத்திரம் பறிமுதல் ஆகும். "பணத்தைக் கட்டு, இல்லைன்னா ஏன் கட்ட வேண்டாம்னு காரணம் சொல்லு"ன்னு மாமாவுக்கு நோட்டீஸ் போகும். கட்டலைன்னா அபராதம் மாதிரி வசூல் பண்ணலாம். வசூலிக்க வழியே இல்லைன்னா, ஆறு மாசம் வரைக்கும் சிவில் சிறையில வைக்கவும் சட்டத்துல இடம் இருக்கு. இது புதுச் சட்டத்துல 491ஆவது பிரிவு. ஒரு ஆறுதல்: காரணத்தைச் சொல்லிக் கேட்டா தொகையைக் குறைக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

நான் பார்த்த இன்னொரு குடும்பத்தைச் சொல்றேன். அங்கேயும் ஒரே ஒரு வாய்தாதான் தவறுச்சு. பையனை வெளிமாநிலத்துக்கு அனுப்பிட்டாங்க. ரெண்டு வருஷம். கையெழுத்துப் போட்ட மாமா, மாடு மேய்ச்சுப் பிழைக்கிற மனுஷன். நோட்டீஸ் வந்த அன்னைக்குத்தான் பையன் கோர்ட்டுக்குப் போகாததே அவருக்குத் தெரியும். கறவை மாட்டை வித்துப் பணம் கட்டினார். இன்னைக்கு வரைக்கும் அக்கா வீட்டு வாசப்படி மிதிக்கல. வழக்கு என்ன வழக்குன்னு கேட்டீங்கன்னா, அடிதடி. சாட்சிகளே சரியா சொல்லல. பையன் ஒழுங்கா வந்திருந்தா விடுதலையே ஆகியிருக்கலாம்.

அதனால, தாய்மார்களே, வாய்தா தவறினா வக்கீலுக்கு அடுத்த போன் ஜாமீன் போட்டவருக்குப் போகணும். அவருக்கும் உரிமை இருக்கு. "இனி என்னால பொறுப்பேற்க முடியாது"ன்னு அவர் மனுப் போட்டு விலகலாம். அப்படி விலகினா, உங்க பையன் வேற ஜாமீன்தாரரைத் தேடணும், கிடைக்கலைன்னா சிறைக்குப் போகணும்.

*போலீஸ் வீட்டுக்கு வந்தா?*

முதல்ல சம்மனைப் பத்திச் சொல்றேன். 1973ஆம் வருஷச் சட்டத்துல, ஆள் வீட்ல இல்லைன்னா, குடும்பத்தில் உள்ள வயது வந்த ஆண் ஒருத்தர்கிட்டதான் சம்மனைக் கொடுக்கலாம்னு இருந்துச்சு. புதுச் சட்டத்துல "ஆண்" என்ற சொல் இல்லை. வயது வந்த யாரா இருந்தாலும் போதும். அதாவது, அம்மா, அக்கா, மனைவி, நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கினா அது சம்மன் சார்பு செய்த மாதிரிதான். வாங்கின காகிதத்தை டிவி பின்னாடி சொருகி வச்சுட்டு, "எனக்கு ஒண்ணும் வரலையே"ன்னு பையன் சொல்ல முடியாது. வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து அவனுக்கும் வக்கீலுக்கும் அனுப்பிடுங்க.

வாரண்டோட போலீஸ் வந்தா, வாரண்டைக் காட்டச் சொல்லிக் கேளுங்க. கேட்டா காட்டணும். எந்தக் கோர்ட், என்ன வழக்கு எண், எல்லாத்தையும் குறிச்சுக்குங்க. ஆளைத் தேட வீட்டுக்குள்ள வர அவங்களுக்கு அதிகாரம் இருக்கு, தடுக்காதீங்க. தடுத்தா அது தனி வழக்கு. பிடிச்சா, பயண நேரம் நீங்கலா 24 மணி நேரத்துக்குள்ள நீதிமன்றத்தில் நிறுத்தணும். எங்கே வச்சிருக்காங்கன்னு குடும்பத்துக்குச் சொல்லணும். பெண்ணாக இருந்தா, சூரியன் மறைஞ்ச பிறகும் உதிக்கிறதுக்கு முன்னாடியும் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத சூழல்னா பெண் காவல் அதிகாரி, நடுவரின் முன் அனுமதியோட மட்டும்தான்.

இதையும் சொல்லணும். மகன் கிடைக்கலைன்னா அப்பாவைக் கூட்டிட்டுப் போய் ஸ்டேஷன்ல உட்கார வைக்கிறது, தம்பி வர்ற வரைக்கும் அண்ணனோட வண்டியைப் பிடிச்சு வச்சுக்கிறது, இதுக்கெல்லாம் இந்த நாட்டுச் சட்டத்துல ஒரு வரி இடம் கிடையாது. வாரண்டில் யார் பேர் இருக்கோ அவரை மட்டும்தான் பிடிக்க முடியும். இப்படி நடந்தா உடனே வழக்கறிஞரைக் கூப்பிடுங்க, எங்களையும் கூப்பிடுங்க.

அதே நேரத்துல நம்ம பக்கமும் ஒரு கோடு இருக்கு. வாரண்ட் இருக்குன்னு தெரிஞ்சே ஒருத்தரை ஒளிச்சு வச்சா, வழக்கின் தன்மையைப் பொறுத்து ஒளிச்சவர் மேலயும் வழக்கு வரலாம். சட்டம் விலக்குக் கொடுத்திருப்பது கணவனுக்கும் மனைவிக்கும் மட்டும்தான். அம்மாவுக்கு இல்லை, அண்ணனுக்கு இல்லை, அத்தைக்கும் இல்லை. அந்த அக்காகிட்ட "அத்தை ஊருக்கு அனுப்பாதீங்க"ன்னு நான் சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணம்.

*ஓடிக்கிட்டே இருந்தா எங்கே போய் நிற்கும்?*

வாரண்டுக்குச் சிக்காம ஒளிஞ்சா, "இன்ன தேதிக்குள் ஆஜராக வேண்டும்"னு நீதிமன்றம் பிரகடனம் வெளியிடும். குறைஞ்சது 30 நாள் அவகாசம். ஊர்ல எல்லாரும் பார்க்கிற இடத்துல படிப்பாங்க, வீட்டுச் சுவத்துல ஒட்டுவாங்க. அப்பவும் வரலைன்னா அவர் சொத்தை ஜப்தி செய்யலாம். பிரகடனத்துக்கு வராததே தனிக் குற்றம், மூணு வருஷம் வரை தண்டனை. ஜாமீனில் வந்துட்டுத் தகுந்த காரணம் இல்லாம ஆஜராகாததும் தனிக் குற்றம்; ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது ரெண்டும். முதல் வழக்குல விடுதலை ஆனாலும் இந்த வழக்குகள் தொங்கலாம்.

பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள பெரிய வழக்கா இருந்தா, புதுச் சட்டத்தில் 356ஆவது பிரிவுன்னு ஒண்ணு வந்திருக்கு. பிரகடனக் குற்றவாளின்னு அறிவிச்சு, ஆள் இல்லாமலேயே விசாரிச்சுத் தீர்ப்புச் சொல்லலாம். அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்யணும்னா நேர்ல வந்து நிற்கணும். மூணு வருஷம் தாண்டினா அந்தக் கதவும் மூடிடும்.

வெளிநாடு போகும் கனவு இருக்கிற தம்பிகளுக்கு: நீதிமன்றம் பிறப்பிச்ச வாரண்ட் நிலுவையில இருந்தா பாஸ்போர்ட் மறுக்கலாம், இருக்கிறதை முடக்கவும் செய்யலாம் என்று 1967ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டமே சொல்லுது.

நம்ம கட்சித் தோழர்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. சாலை மறியல்ல உட்கார்ந்தோம், முப்பது பேர் மேல வழக்கு. அதுல ரெண்டு பேர் வரலைன்னா மீதி இருபத்தெட்டுப் பேரும் வாய்தா வாய்தாவா வந்து நிற்கணும். இல்லைன்னா வழக்கைப் பிரிச்சு நடத்தணும். நீங்க வராத ஒரு நாள், உங்க கூடக் கைதான கூலித் தொழிலாளியோட ஒரு நாள் சம்பளம். போராட்டத்துல முன்வரிசையில நின்ன நீங்க, வாய்தாவுலயும் முன்வரிசையில நில்லுங்க.

*சரி, நாளைக்குக் காலையில என்ன செய்யணும்?*

1. இன்னைக்கு ராத்திரியே வழக்கறிஞருக்குப் போன். வழக்கு எண் தெரியலைன்னா "இ-கோர்ட்ஸ்" செயலியில பேர் போட்டுத் தேடலாம். வழக்குக்கு 16 இலக்க சி.என்.ஆர். எண் ஒண்ணு இருக்கும். அதைக் குறிச்சு வச்சா அடுத்த தேதியை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

2. வராததுக்கு உண்மையான காரணத்துக்கு ஆதாரம் எடுங்க. ஆஸ்பத்திரிச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, துக்க வீட்டு அறிவிப்பு, ரயில் டிக்கெட். பொய்ச் சான்றிதழ் வேண்டவே வேண்டாம். ஒரு பொய் பிடிபட்டா மூணு வருஷ நல்ல பேர் போயிடும்.

3. ஆள் நேர்ல போகணும். வாரண்டை ரத்து செய்யக் கேட்டு வழக்கறிஞர் மனுப் போடுவார். உங்க சார்பில அப்பா போய் நின்னாலோ, அம்மா அழுதாலோ அது ஆஜர் ஆகாது. மனுவை ஏத்துக்கறதும் மறுக்கறதும் நடுவரின் விருப்புரிமை. உள்ளே அனுப்பவும் செய்யலாம், அதை மறைக்க விரும்பல. ஆனா தானா வந்தவரைப் பார்க்கிற பார்வை வேற, விலங்கு போட்டுக் கொண்டு வந்தவரைப் பார்க்கிற பார்வை வேற.

4. அவர் வேற வழக்குல சிறையில இருந்தா, அதை இந்தக் கோர்ட்டுக்குத் தெரிவிங்க. யாரும் சொல்லாததால சிறையில இருக்கிறவர் மேலயே வாரண்ட் போடற கூத்து நடக்குது. இறந்துபோயிருந்தா இறப்புச் சான்றிதழைத் தாக்கல் செய்ங்க. இல்லைன்னா செத்தவரைத் தேடிப் போலீஸ் வந்துக்கிட்டே இருக்கும்.

5. தூரத்துல வேலை பார்க்கிறவர், நடக்க முடியாதவர்னா முன்கூட்டியே அனுமதி கேளுங்க. காணொலி வழியா ஆஜராவதும் நேரில் ஆஜராவதுதான் என்று 355ஆவது பிரிவே விளக்கம் சொல்லுது.

6. வக்கீல் வைக்க வசதியில்லையா? தாலுகா கோர்ட்டு வளாகத்திலேயே வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள், இவங்களுக்கெல்லாம் வருமானம் பார்க்காம இலவச வழக்கறிஞர். இது தர்மம் இல்லை, 1987ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமை.

*கடைசியா ஒரு நியாயம்*

வாய்தா தவறறவன் எல்லாம் திமிர் பிடிச்சவன்னு நினைக்காதீங்க. ஒரு நாள் கோர்ட்டுக்கு வந்தா ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. வந்து நின்னா, "நடுவர் லீவு", "சாட்சி வரல", "அடுத்த மாசம் வாங்க". இப்படி இருபது தடவை வந்தவன் இருபத்தோராவது தடவை தவறிட்டா, சட்டம் அந்த ஒரு தடவையைத்தான் எண்ணுது. அந்த இருபது தடவையை யார் எண்ணறது?

1978இல் மோதிராம் என்ற மத்தியப் பிரதேசக் கொத்தனாருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்துச்சு. கீழ்க்கோர்ட்டு பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டுச்சு. அண்ணன் தம்பி வந்து கையெழுத்துப் போடறேன்னா, சொத்து வேற மாவட்டத்துல இருக்குன்னு மறுத்துச்சு. நீதியரசர் வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏத்துக்கல. ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். ஏழையின் சட்டைப்பையைப் பார்த்து ஜாமீன் தொகை போடுங்கள் என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் நம்ம ஆளுங்க ஜாமீன்தாரர் தேடி ஊர் ஊரா அலையறாங்க. வாய்தா தேதியைக் குறுஞ்செய்தியில் தவறாமல் சொல்லுங்கள், சாட்சி வராத நாளில் கூலித் தொழிலாளியை அலைய விடாதீர்கள் என்று நாம கேட்டுக்கிட்டேதான் இருக்கணும்.

ஆனா அந்த மாற்றம் வர்ற வரைக்கும், நம்ம வீட்டுப் பிள்ளையை நாமதான் காப்பாத்தணும். ஒவ்வொரு கிளையிலயும் ஒரு நோட்டுப் போடுங்க. யார் யாருக்கு எந்தக் கோர்ட்ல என்ன தேதின்னு எழுதுங்க. முதல் நாள் ராத்திரி ஒரு போன். மறுநாள் கூட ஒரு ஆள். இதுக்குப் பணம் வேண்டாம், பதவி வேண்டாம்.

அந்த அக்காவோட தம்பி என்ன ஆனார்னு கேட்பீங்க. மறுநாள் காலையில வந்தார். அக்காவும் கூட வந்தாங்க. வேலை பார்த்த இடத்துல மேஸ்திரி எழுதிக் கொடுத்த சீட்டை மனுவோட வச்சோம். நடுவர் நல்லாத் திட்டினார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா உள்ளேதான்"னார். வாரண்டை ரத்து செஞ்சார். மத்தியானம் ரெண்டு மணிக்குக் கோர்ட்டு வாசல் டீக்கடையில நின்னு டீ குடிச்சாங்க. அக்கா என்கிட்ட, "ராத்திரி அனுப்பியிருந்தா இந்நேரம் எங்க இருந்திருப்பானோ தம்பி"ன்னாங்க.

உங்க வீட்டுலயும் யாராவது அப்படி ராத்திரியில பையை எடுத்து வச்சுக்கிட்டிருந்தா, அந்தப் பையை வாங்கி உள்ளே வைங்க. காலையில கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.

இதைத் தேவைப்படும் ஒருவருக்காவது பகிருங்கள்.

#சட்டம்_அறிவோம் #வாய்தா_தவறாதே